நடப்பது யார்?

போன தீபாவளிக்கு முன்னால் அத்தையைக் கூட்டிக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போனேன். பழைய பாணிக் கடை. பாயில் உட்கார்ந்துவிட்டால் போதும். “என்ன ரேட்டுல எடுத்துப் போடட்டும்மா?” என்று ஒரே ஒரு கேள்வி, அப்புறம் புடவைகள் ஒவ்வொன்றாக வந்து முன்னால் விரியும். மாடியில் இருக்கும் சரக்கு வேண்டுமென்றால் ஒரு பையன் ஓடிப்போய் எடுத்து வருவான். இரண்டு மணி நேரம் அத்தை இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. திரும்பும் வழியில் சூப்பர்மார்க்கெட்டில் நுழைந்தோம். பருப்பு ஒரு கோடி, சோப்பு மறு கோடி, மறந்துபோன கடுகு நடுவில் எங்கோ. வாங்கியது எட்டே சாமான். வெளியே வரும்போது “முட்டி விட்டுப்போச்சுடா” என்றார்.

கிடங்கில் ரோபோ என்னதான் செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த இரண்டு கடைகளைத்தான் சொல்வேன். ரோபோ என்றதும் கை, கால், தலை எல்லாம் வைத்த இரும்பு மனிதன் பெட்டி தூக்குவதாக ஒரு படம் மனதில் வருகிறது. உண்மையில் பெரும்பாலான கிடங்கு ரோபோக்களுக்குக் கையே கிடையாது. அவற்றின் வேலை நடப்பது மட்டும்தான். ஆள் சரக்கைத் தேடி நடக்கிற சூப்பர்மார்க்கெட்டை, சரக்கு ஆளைத் தேடி வருகிற ஜவுளிக்கடையாக மாற்றுகின்றன.

நடை என்ன அவ்வளவு பெரிய விஷயமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆன்லைனில் நீங்கள் ஒரு பற்பசையும் செல்போன் உறையும் ஒரு ஜோடி சாக்ஸும் கேட்டிருக்கிறீர்கள். குடோனில் ஒரு பிக்கர், அதாவது ரேக்கிலிருந்து பொருட்களை எடுத்து வருபவர், கையில் ஸ்கேனரும் டிராலியுமாகக் கிளம்புகிறார். ஒரு பொருளிலிருந்து அடுத்த பொருளுக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிராலியைத் தள்ளிக்கொண்டு போக 20 விநாடி. ரேக்கில் சரியான தட்டைக் கண்டுபிடிக்க 5 விநாடி. எடுக்க 3, ஸ்கேன் செய்ய 2. ஆக மொத்தம் 30 விநாடி. அதில் 20 வெறும் நடை. இது நான் கற்பனையாகப் போட்ட கணக்குதான். ஆனால் கிடங்கு நிர்வாகப் பாடப்புத்தகங்களும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன: பிக்கரின் நேரத்தில் பாதி நடையில் போகிறது, கிடங்கை நடத்தும் செலவில் பாதி இந்த எடுக்கும் வேலையில் போகிறது. பெரிய கிடங்குகளில் ஒரு ஷிப்டுக்கு 10, 15 கிலோமீட்டர் நடப்பது சாதாரணம். சம்பளத்தில் பாதியை நடப்பதற்குத்தான் கொடுக்கிறோம் என்று முதலாளிக்கு ஒருநாள் உறைக்கும். அன்றைக்குத்தான் இயந்திரம் பற்றிய பேச்சு ஆரம்பிக்கும்.

முதலில் வந்த பதில் ரோபோ அல்ல, கிரேன். ஜெர்மனியின் கூட்டர்ஸ்லோ நகரில் பெர்டல்ஸ்மன் என்ற பதிப்பகத்துக்கு டெமாக் நிறுவனம் 1962இல் கட்டிக்கொடுத்த கிடங்கை இந்தத் துறையின் தொடக்கப் புள்ளி என்பார்கள். சுமார் 20 மீட்டர் உயர ரேக்குகள். இரண்டு ரேக் வரிசைகளுக்கு நடுவே உள்ள சந்தில் தண்டவாளத்தின் மேல் ஓடும் கிரேன். கிரேனே மேலே போய்ச் சரக்கை எடுத்து வரும். இன்று இதே வகைக் கிடங்குகள் 30, 40 மீட்டர் வரை உயர்ந்திருக்கின்றன. பேலட் (சரக்கை அடுக்கி வைக்கும் பலகைத் தட்டு) பேலட்டாகச் சரக்கு வைக்கிற இடங்களுக்கு, முக்கியமாக ஆள் நுழையவே நடுங்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்கு, இதைவிடப் பொருத்தமானது இன்னும் வரவில்லை. தொல்லை ஒன்றுதான். பெரும்பாலும் சந்துக்கு ஒரு கிரேன். அது படுத்துவிட்டால் அந்தச் சந்தில் இருக்கும் சரக்கு முழுவதும் சிறையில்.

அடுத்த பதில் கன்வேயர் பெல்ட். இதில் ஒரு பெரிய சறுக்கல் நடந்தது. இன்றைய ரோபோக்கள் பிறந்ததே அந்தச் சறுக்கலில்தான்.

வெப்வேன் என்று ஓர் அமெரிக்க நிறுவனம் இருந்தது. 1990களின் கடைசியில் இணையம் வழியாக மளிகை விற்கக் கிளம்பியது. கன்வேயரும் சுழலும் ரேக்குகளும் நிறைந்த பிரம்மாண்டக் கிடங்குகளைக் கட்டியது. 2001இல் திவாலானது. வீட்டுக்கு வீடு மளிகை கொண்டுபோவது அந்தக் காலத்துக்குச் சற்று முந்திய யோசனை என்பது ஒரு காரணம். கிடங்குகள் கல்யாண மண்டபம் போல, ஆயிரம் பேருக்குக் கட்டப்பட்டு நூறு பேர் வந்தாலும் அதே செலவு வைப்பவையாக இருந்தது இன்னொரு காரணம். கன்வேயரைத் தரையில் பூட்டிவிட்டால் பூட்டியதுதான். வியாபாரம் மாறினால் அது கூட மாறாது.

அங்கே வேலை பார்த்த மிக் மவுண்ட்ஸ் என்பவர் அந்தத் தோல்வியை மனதில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தார். 2003இல் கீவா சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ரோபோ கால்பந்துப் போட்டிகளில் பேர் வாங்கிய பேராசிரியர் ரஃபாயெல்லோ டி’ஆண்ட்ரியாவும் கணினி அறிவியலாளர் பீட்டர் வுர்மனும் கூட்டாளிகள். அவர்கள் கண்டுபிடித்தது கேட்பதற்கு அசட்டுத்தனமாக இருக்கும்: பொருளை எடுத்து வர வேண்டாம், ரேக்கையே தூக்கி வந்துவிடலாம்.

எப்படி என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். நான்கு கால்களில் நிற்கும், ஆள் உயர ரேக். அதன் அடியில் முழங்கால் அளவுக்குக் காலி இடம். ஆரஞ்சு நிறத்தில், கேரம் பலகையைக் கொஞ்சம் தடிமனாக்கியது போல ஒரு வண்டி, அந்த இடைவெளியில் நுழைகிறது. ரேக்குக்கு நேர் நடுவில் நின்றதும் தன்னைத்தானே சுற்றத் தொடங்குகிறது. அதன் தலையில் இருக்கும் தட்டு மட்டும் எதிர்ப்பக்கம் சுழல்வதால், ரேக் அசையாமல் நிற்கிறது. நடுவில் இருக்கும் திருகு மேலே ஏறுகிறது. கார் ஜாக்கி ஏறுவது போலத்தான். ரேக்கின் கால்கள் தரையை விட்டுச் சில அங்குலம் எழும்புகின்றன. அவ்வளவுதான், புறப்பட்டுவிட்டது. தன்னைத்தானே சுற்றிக்கொண்டே சுமையைத் தூக்கிவிடும் இந்தச் சாமர்த்தியம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

தரையில் சம இடைவெளியில், கியூஆர் கோடு போன்ற சதுர ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். வண்டியின் வயிற்றில் உள்ள கேமரா ஒவ்வொன்றாகப் படித்து, “இப்போது இங்கே இருக்கிறேன்” என்று மைய கணினிக்குச் சொல்லிக்கொண்டே போகும். சரக்கு இல்லாதபோது மற்ற ரேக்குகளுக்கு அடியில் புகுந்து குறுக்கு வழியில் போகலாம். ரேக்கைச் சுமந்தபிறகு பாதையில்தான் போக வேண்டும். பிக்கர் தன் மேடையை விட்டு நகர்வதில்லை. ரேக் அவர் முன் வந்து நிற்கிறது. எந்தத் தட்டில் கை வைக்க வேண்டும் என்று விளக்கோ திரையோ காட்டுகிறது. எடுக்கிறார், ஸ்கேன் செய்கிறார், அடுத்த ரேக் வரிசையில் காத்திருக்கிறது. அத்தையின் ஜவுளிக்கடை.

இதில் யாரும் திட்டமிடாமலே நடக்கும் ஒரு நல்ல காரியம் உண்டு. வேலை முடிந்த ரேக் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தில் வைத்துவிடலாம். அடிக்கடி கூப்பிடப்படும் ரேக்குகள் அப்படியே பிக்கர் மேடைக்கு அருகில் தங்கிவிடும். யாரும் தேடாத சரக்கு மெல்ல மெல்லப் பின்னுக்குப் போய்விடும்.

2012இல் அமேசான் கீவாவை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கியவுடன் வெளியாருக்கு விற்பதைப் படிப்படியாக நிறுத்திக்கொண்டது. அதுவரை கீவாவை நம்பியிருந்த மற்ற நிறுவனங்கள் கையைப் பிசைந்தன. அந்த வெற்றிடத்தில்தான் உலகெங்கும் போட்டியாளர்கள் முளைத்தார்கள். சீனாவின் கீக்பிளஸ், அமெரிக்காவின் லோகஸ் எல்லாம் அப்படி வளர்ந்தவைதான். அமேசானில் ஓடும் ரோபோக்களின் எண்ணிக்கை 2025இல் பத்து லட்சத்தைத் தொட்டதாக அந்த நிறுவனமே அறிவித்தது.

பற்பசைக்குப் பக்கத்தில் பொம்மை

இப்படிப்பட்ட கிடங்கின் ரேக்கை முதன்முதலாகப் பார்ப்பவர், இங்கே வேலை செய்பவர்களுக்கு ஒழுங்கே தெரியாது என்றுதான் நினைப்பார். பற்பசைக்குப் பக்கத்தில் பொம்மை, அதற்குப் பக்கத்தில் ஒரு புத்தகம், அதன் மேல் சார்ஜர். வேண்டுமென்றேதான் இப்படி. எந்தத் தட்டில் இடம் இருக்கிறதோ அங்கே வை, வைத்ததை ஸ்கேன் செய், மற்றதைக் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும்.

இதில் மூன்று லாபம். இடம் வீணாவதில்லை. ஒரே பொருள் பத்து ரேக்குகளில் சிதறிக் கிடப்பதால், திடீரென்று எல்லோரும் அதையே கேட்டாலும் ஒரே ரேக்குக்கு முன்னால் நெரிசல் வராது. மூன்றாவதுதான் நமக்குத் தோன்றாதது: தவறு குறைகிறது. நாற்பதாம் அளவுச் சட்டைக்குப் பக்கத்தில் நாற்பத்திரண்டாம் அளவு இருந்தால் கை தப்பும். பொம்மைக்குப் பக்கத்தில் சட்டை இருந்தால் எப்படித் தப்பும்? நம் மளிகைக் கடை அண்ணாச்சியும் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் கடை தடுமாறும். இங்கே மென்பொருள் ஒரு மணி நேரம் படுத்தால் போதும், கிடங்கு முழுவதும் குருடாகிவிடும்.

சந்தே இல்லாத கிடங்கு

ரேக்கைத் தூக்கி வருவதிலும் ஒரு குறை இருக்கிறது. வண்டிகள் ஓட வழி வேண்டும், அந்த வழியில் சரக்கு வைக்க முடியாது. ரேக்குக்கு மேலே கூரை வரை இருக்கும் இடமும் வெறுமனே கிடக்கிறது. நார்வேயில் 1996இல் பிறந்த ஆட்டோஸ்டோர் இதற்கு வேறு வழி பார்த்தது. சந்து என்பதையே எடுத்துவிட்டது. பிளாஸ்டிக் தொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக, 16 தொட்டி வரை அடுக்கு. அந்த அடுக்குகளை இடைவெளியே விடாமல் நெருக்கி நிறுத்து. எல்லாவற்றையும் அலுமினியச் சட்டத்தால் பிணைத்துவிடு. சட்டத்தின் மேல் சதுரங்கப் பலகை போல் தண்டவாளம், அதில் ரோபோக்கள்.

ஒவ்வொரு ரோபோவுக்கும் எட்டுச் சக்கரம். நான்கு கிழக்கு மேற்காக ஓட, நான்கு வடக்கு தெற்காக ஓட. திசை மாற வேண்டுமென்றால் வளைவதில்லை. நான்கு சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு மற்ற நான்கை இறக்கும். தொட்டி தேவைப்பட்டால் அந்த அடுக்கின் மேல் நின்று பட்டைகளில் கொக்கியை இறக்கி, கிணற்றில் வாளி இழுப்பது போல இழுக்கும்.

வேண்டிய தொட்டி அடியில் இருந்தால்? மேலே இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்து அடுக்குகளின் மேல் வைத்துவிட்டு, வேண்டியதை எடுத்தபின் மறுபடி அடுக்கும். தோண்டுவது என்றே இதைச் சொல்கிறார்கள். நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் நம் வீட்டு பீரோவை நினைத்துப் பாருங்கள். அடிக்கடி உடுத்தும் சேலைகள் தானாக மேலே வந்துவிடும், முகூர்த்தப் பட்டு அடியில் போய்விடும். இங்கேயும் அதேதான். எடுத்த தொட்டி திரும்பும்போது மேலேதான் வைக்கப்படுகிறது. சில வாரங்களில் வேகமாக விற்பவை மேல்தட்டிலும் மந்தமானவை அடியிலும் படிந்துவிடும். இரவில் வேலை குறைவான நேரத்தில், நாளைய ஆர்டருக்கு வேண்டியதை முன்கூட்டியே தோண்டி மேலே வைத்துவிடவும் முடியும்.

இவ்வளவு நெருக்கமாக அடுக்கினால் ஆபத்தும் நெருங்கும். பிரிட்டனின் ஓகாடோ என்ற இணைய மளிகை நிறுவனம் இதே மாதிரி சதுரங்கக் கிடங்கை ஆண்டோவர் என்ற ஊரில் வைத்திருந்தது. 2019 பிப்ரவரியில், சார்ஜ் ஏற்றும் கருவியில் ஏற்பட்ட மின்கோளாறால் ஒரு ரோபோவின் பிளாஸ்டிக் மூடி தீப்பற்றியது. கிடங்கே அழிந்தது, அந்த நிறுவனத்தின் ஆர்டர் திறனில் சுமார் 10 சதவீதம் ஒரே வாரத்தில் போனது. 2021இல் எரித் என்ற இடத்தில் மூன்று ரோபோக்கள் மோதிக்கொண்டதில் இன்னொரு தீ; இந்த முறை சேதம் சிறியது. ரேக் சந்துகளுக்குள் குழாயை இழுத்துப் போகிற தீயணைப்புப் பழக்கம் சந்தே இல்லாத கட்டடத்தில் செல்லாது. கிடங்கு கட்டுபவர்கள் வேகத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் தீயைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கிடங்கில் ஓடும் வண்டிகளுக்கு ஏஜிவி, ஏஎம்ஆர் என்று இரண்டு சுருக்கப் பெயர்களை விற்பனைக்காரர்கள் வாய்க்கு வாய் சொல்வார்கள். ஏஜிவி டிராம் மாதிரி: தரையில் போட்ட கோடு, காந்தப் பட்டை, ஸ்டிக்கர் எதையாவது பிடித்துக்கொண்டு போகும், குறுக்கே ஆள் நின்றால் நின்றுவிடும். ஏஎம்ஆர் ஆட்டோ மாதிரி: லேசர் கண்ணால் சுற்றுமுற்றும் பார்த்து, வழி அடைபட்டிருந்தால் வேறு சந்தில் நுழைந்து போய்விடும். ஆட்டோ புத்திசாலி என்பதற்காக எல்லா இடத்துக்கும் ஆட்டோ வேண்டுமென்பதில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத தளத்தில் டிராமே மலிவு.

ஆள் நடமாட்டம் இல்லாத தளத்திலும் சில நேரம் ஆள் நுழைய வேண்டியிருக்கிறது. ரேக்கிலிருந்து ஒரு ஷாம்பூ பாட்டில் வழுக்கி விழுந்தால், அந்தப் பாதையில் போக்குவரத்தே நிற்கும். அமேசானில் இப்படி விழுந்த பொருட்களை எடுக்க உள்ளே போகிறவர்களின் பணிக்கு ஆம்னெஸ்டி என்று பெயர். பொது மன்னிப்பு! விழுந்த பாட்டிலுக்கு மன்னிப்பா, விழவைத்தவருக்கா என்று தெரியவில்லை. உள்ளே போகிறவர் சமிக்ஞை அனுப்பும் உடுப்பு ஒன்றை அணிந்திருப்பார். அவர் பக்கம் வரும் ரோபோக்கள் வேகத்தைக் குறைத்து விலகிப் போகும்.

கைதான் கஷ்டம்

நடை முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். ரேக் முன்னால் வந்துவிட்டது. தட்டில் இருந்து அந்தச் சாக்ஸை எடுத்துப் பெட்டியில் போடுவதையும் ரோபோவே செய்யக்கூடாதா? இரண்டு வயதுக் குழந்தை செய்கிற வேலைதானே.

அமேசான் இதற்கென்றே 2015இல் சியாட்டிலில் ஒரு போட்டி வைத்தது. 20 நிமிடத்தில் ரேக்கிலிருந்து 12 பொருட்களை எடுக்க வேண்டும். உலகின் நல்ல ஆய்வகங்கள் எல்லாம் வந்தன. வென்றது பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், எடுத்தது 10. விரல் வைத்த நேர்த்தியான கை எதுவும் அவர்களிடம் இல்லை. வாக்குவம் கிளீனரின் உறிஞ்சு குழாயைக் கையின் நுனியில் மாட்டியிருந்தார்கள். ஒட்டி உறிஞ்சித் தூக்கிவிடும். அதனால் தூக்க முடியாத பொருள் பட்டியலில் ஒன்று இருந்தது: கம்பி வலையால் செய்த பேனா ஸ்டாண்ட். எங்கே வாய் வைத்தாலும் காற்று ஓட்டை வழியாகப் போய்விடும்.

பளபளக்கும் பாக்கெட் கேமராவை ஏமாற்றும். கண்ணாடி பாட்டிலின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. நைலான் பையில் போட்ட சுடிதாருக்கு நிலையான வடிவமே கிடையாது. அடைசலாக இருக்கும் தட்டில் நாம் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலே, தொட்டுத் தள்ளி ஒதுக்கி எடுக்கிறோமே, அந்தத் தொடு உணர்வு ரோபோவுக்கு இல்லை. 2025இல் அமேசான் காட்டிய வல்கன் என்ற ரோபோ அந்த இடத்தைத்தான் பிடிக்கப் பார்க்கிறது: எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரும் கை. ரேக்கின் மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த தட்டுகளை அதனிடம் விட்டால் ஆள் ஏணி ஏறவும் குனியவும் வேண்டியதில்லை என்கிறார்கள்.

நடை போய், கை மட்டும் மிஞ்சியபோது அந்தக் கைக்காரருக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடந்த காலத்தில் மணிக்கு 100 பொருள் எடுத்தவர்கள், ரோபோ கிடங்குகளில் 400 வரை எடுக்க வேண்டியிருந்ததாக அமெரிக்காவின் ரிவீல் என்ற புலனாய்வு இதழியல் அமைப்பு 2020இல் எழுதியது. 2016 முதல் 2019 வரையிலான அமேசானின் உள் ஆவணங்களை வைத்து, ரோபோ இருக்கும் கிடங்குகளில் கடும் காய விகிதம் இல்லாதவற்றைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம் என்றும் சொன்னது. அமேசான் அந்தக் கணக்கை மறுத்தது. மணிக்கு 400 என்றால் 9 விநாடிக்கு ஒரு தடவை குனி, நிமிர், திரும்பு. நடப்பது வேலைதான், ஆனால் நடக்கும்போது தோளுக்கு ஓய்வு. ரோபோ அந்த ஓய்வையும் சேர்த்து எடுத்துக்கொண்டது என்றால் அதை மிச்சம் பிடித்த நேரம் என்று மட்டும் கணக்கில் எழுதுவது சரியாகப் படவில்லை.

இந்தியாவிலும் இந்த ரோபோக்களைச் செய்கிறார்கள். பிலானியில் பிட்ஸ் கல்லூரியில் படிக்கும்போது மனித உருவ ரோபோ செய்து பார்த்த சமய் கோலி, ஆகாஷ் குப்தா இருவரும் கிரேஆரஞ்ச் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கால் வைத்த ரோபோவைவிடச் சக்கரம் வைத்த ரோபோதான் சோறு போடும் என்று அவர்களுக்கும் சீக்கிரமே புரிந்திருக்க வேண்டும். நொய்டாவில் 2016இல் தொடங்கிய அட்வெர்ப் நிறுவனத்தில் 54 சதவீதப் பங்கை 2022இல் ரிலையன்ஸ் 13.2 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனாலும் ஐரோப்பாவில் இரண்டு மூன்று ஆண்டுகளில் போட்ட முதலீட்டை மீட்டுத் தரும் இயந்திரம் இங்கே அதே வேகத்தில் தராது. நம் ஊரில் கூலி குறைவு. தீபாவளி விற்பனைக்கு நான்கு வாரம் கூடுதல் ஆள் வைத்துக்கொள்ளலாம். கூடுதல் ரோபோவை நான்கு வாரத்துக்கு மட்டும் எடுப்பது அவ்வளவு எளிதில்லை. இங்கே ரோபோ முதலில் நுழைவது கூலி மிச்சத்துக்காக அல்ல. இட வாடகை ஏறிய நகர ஓரங்களிலும், ஒரு மாத்திரை மாறினாலும் வம்பாகும் மருந்துக் கிடங்குகளிலும்தான்.

ஈரோட்டில் ஆயத்த ஆடை குடோன் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கண்காட்சியில் ரோபோவைப் பார்த்துவிட்டு வந்து விலை விசாரிக்கக் கிளம்பினார். அதற்கு முன் ஒரே ஒரு வாரம், பிக்கர்கள் போகும் வழியை ஒரு காகிதத்தில் கோடு போட்டு வரச் சொன்னேன். ஏழாம் நாள் அந்தக் காகிதங்களை மேஜையில் பரப்பினோம். அதிகம் விற்கும் பனியன் ரகங்கள் எல்லாம் பின்சுவர் ஓரத்தில் இருந்தன. பத்து வருடத்துக்கு முன் லாரி அங்கே வந்து நின்றதுதான் காரணம். இப்போது லாரி முன்வாசலுக்கு வருகிறது. ரேக்குகளை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் சேர்ந்து நகர்த்தினார்கள். ரோபோ கம்பெனியின் விலைப்பட்டியல் இன்னும் அவர் டிராயரில் இருக்கிறது.